பஸ்ஸில் எழுதிய வாக்குறுதியும் குண்டாற்றுத் தண்ணீரும்

"இங்கிலாந்துக்காரன் எக்கேடு கெட்டா நமக்கென்னடா? நம்ம தெருக் குழாய்ல தண்ணி எப்ப வரும்னு எழுது, படிக்கிறோம்." பிரெக்ஸிட் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் கிடைத்த முதல் விமர்சனம் இது. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வகுப்பிலேயே நாலைந்து பேர் மதுரையில் கன்சல்டன்சி ஆபீஸ்களில் போய் உட்கார்ந்து 'யூகே மாஸ்டர்ஸ்' செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஊர் எப்படிக் கெட்டது, யாரால் கெட்டது, அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதானே. தண்ணீர் விஷயமும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பக்கத்தில் 'சீமை' என்ற சொல் பெரும்பாலும் கருவேல மரத்தோடு ஒட்டிக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், கண்மாய்க்குள்ளும் கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேல்தான். வெட்டுவார்கள், மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பார்கள், அது மறுபடி முளைக்கும். தாத்தா காலத்தில் சீமை என்றால் இங்கிலாந்து. 'சீமைக்குப் போய்ப் படித்தவர்' என்றால் ஜமீன் வீட்டுப் பிள்ளையாக இருப்பார். இன்று நகைக்கடனும் கல்விக்கடனும் சேர்த்தால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும் போகலாம். (நாம் எட்டு கிராம் தங்கத்தைப் 'பவுன்' என்று சொல்வதே அந்த ஊர்ப் பவுண்டு நாணயத்தால் வந்த பழக்கம். இன்று பவுனை அடகு வைத்துப் பவுண்டு வாங்குகிறோம்.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வெளியேறுவோம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருப்போம் என்றவர்கள் 48.1 சதவீதம். ஒரு கோடியே 74 லட்சம் பேர் ஒரு பக்கம், ஒரு கோடியே 61 லட்சம் பேர் மறுபக்கம். வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் டேவிட் கேமரூன் மறுநாள் காலையிலேயே பதவி விலகப் போவதாக அறிவித்துவிட்டார். 'நீங்கள் ஆரம்பித்த வேலை, நீங்களே முடித்துவிட்டுப் போங்கள்' என்று நம்ம ஊராக இருந்தால் டீக்கடையில் நிறுத்திக் கேட்டிருப்பார்கள்.

அந்த வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டே பதில்கள். வெளியேறி எங்கே போவது என்பது அதில் இல்லை. நார்வே போல ஐரோப்பியச் சந்தைக்குள் மட்டும் இருப்பதா, மொத்தமாக அறுத்துக்கொள்வதா, அயர்லாந்து எல்லையில் சோதனைச்சாவடி போடுவதா, எதுவும் இல்லை. பிறகு நடந்த குளறுபடிகளுக்கும், மக்கள் தங்கள் தலைவர்கள் மேல் நம்பிக்கை இழந்ததற்கும் வேர் இந்த வெற்றிடம்தான் என்பது என் கட்சி. மக்கள் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னார்கள். 'பின்னே என்ன வேண்டும்' என்ற இடத்தைத் தலைவர்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொண்டார்கள். அதற்கான பில்லில் ஒரு பங்கு, அந்த ஊரில் ஓட்டே இல்லாதவர்கள் தலையில் விழுந்தது. அவர்களில் தமிழர்களும் உண்டு.

வெற்றிடத்தை முதலில் நிரப்பியது ஒரு சிவப்பு பஸ். வெளியேறும் பிரச்சாரக்காரர்கள் அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை நம் அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுப்போம் என்பது சாரம். அந்தத் தொகையே தப்பு என்று புள்ளிவிவர ஆணையம் வாக்கெடுப்புக்கு முன்பே சொன்னது. பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காமல் போட்ட கணக்கு அது. முடிவு வந்த காலையில் டிவியில் கேட்டபோது, அந்த வாக்குறுதி ஒரு தவறு என்றார் நைஜல் ஃபராஜ். பஸ் அவருடையது இல்லை, அது போரிஸ் ஜான்சன் இருந்த அணியின் பஸ், ஃபராஜ் தனிக் கடை. ஆனாலும் ஓட்டு எண்ணி முடித்த சில மணி நேரத்தில் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, குண்டாறுதான் ஞாபகம் வந்தது. திருச்சுழிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: திருச்சுழி வழியாகக் கமுதி போய்க் கடலுக்குப் போகிற ஆறு இது. ஆறு என்பது பேருக்குத்தான், வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் மணல்தான் ஓடும். காவிரியில் வெள்ளமாக வந்து கடலுக்குப் போகும் தண்ணீரைக் கரூர் மாவட்டம் மாயனூரிலிருந்து கால்வாய் வெட்டி தெற்கு வெள்ளாறு, வைகை வழியாகக் குண்டாற்றில் சேர்ப்பது என்பது நம் பக்கத்தில் பல தேர்தல் பார்த்த திட்டம். 2021 பிப்ரவரி 21-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி புதுக்கோட்டை மாவட்டத்தில் அடிக்கல் நாட்டினார். 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய். ஐந்தே நாளில், 26-ம் தேதி, சட்டமன்றத் தேர்தல் தேதியும் அறிவித்தாகிவிட்டது. வைகையிலிருந்து குண்டாறு வரும் 34 கிலோமீட்டர்தான் மூன்று கட்டத்தில் கடைசிக் கட்டம். வெள்ளநீர்தான் என்று நாம் சொன்னாலும் கர்நாடகம் எதிர்த்தது. ஆட்சி மாறி வேலை நடந்ததும் முதல் கட்டப் பகுதியில்தான். காவிரி இன்னும் குண்டாற்றுக்கு வந்து சேரவில்லை.

'காவிரித் தண்ணி வேணுமா?' என்று கேட்டால் திருச்சுழியில் யாராவது வேண்டாம் என்பார்களா? அதுவும் ஒரு வரிக் கேள்விதான். யார் நிலம் வழியாக, எந்த வருஷத்துக்குள், மழை குறைந்த வருஷத்தில் யாருக்கு முதலில் என்பதெல்லாம் மேடையில் வராது. ஒரு வித்தியாசத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நம்ம கால்வாய்க்கு வரைபடமும் கிலோமீட்டர் கணக்கும் இருக்கிறது. சிவப்பு பஸ்ஸுக்கு அதுகூட இல்லை.

சரி, படித்த நாடு, பழைய ஜனநாயகம், அவர்கள் ஏன் நம்பினார்கள்? 'வெள்ளைக்காரனும் முட்டாள்தான்' என்று இங்கே பலர் எழுதித் தள்ளினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளியேற ஓட்டுப் போட்ட ஊர்களில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வேல்ஸில் எப்வேல் என்ற ஊர். அங்கே இருந்த எஃகு ஆலையை 2002-ல் மூடினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் நல்ல நிதி கொடுத்தது. அந்த வட்டாரத்தில் 62 சதவீதம் பேர் வெளியேறுவோம் என்றார்கள்! நன்றி கெட்டவர்கள் என்று லண்டன் பத்திரிகைகள் முதல் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆச்சரியப்பட மாட்டேன். மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலை எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. நல்ல ரோடு, குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் போகிறவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். எங்கள் பையன்களும் அதே ரோட்டில் ஏறித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து வந்தவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டும்தான். 'முன்னேறத் துடிக்கும் மாவட்டம்' என்று அழகாகப் பேர் வைத்தார்கள். துடிப்பு என்னவோ நிஜம்தான் :-)

ஆலை போய் ரோடும் கட்டடமும் மட்டும் வந்த ஊரில், 'எல்லாம் இப்படியே இருக்கட்டுமா, மாற்றலாமா' என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தால் மாற்றலாம் என்றுதான் குத்துவார்கள். அதில் ஐரோப்பா எத்தனை பங்கு, லண்டன் மேல் வெறுப்பு எத்தனை பங்கு என்று யார் பிரித்துச் சொல்வது? கோபம் உண்மை. அதைக் கையில் வாங்கியவர்கள்தான் சரியில்லை.

வாங்கியவர்கள் வரிசையைப் பாருங்கள். கேமரூனுக்குப் பின் தெரசா மே. அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது, 2019-ல் போனார். அடுத்து ஜான்சன். 2019 டிசம்பரில் பெரிய வெற்றி, 2020 ஜனவரி 31-ல் வெளியேறியாயிற்று. கொரோனா ஊரடங்கில் ஜனங்கள் சொந்தக்காரர் சாவுக்கும் போக முடியாமல் வீட்டில் கிடந்தபோது பிரதமர் வீட்டில் பார்ட்டி நடந்தது தெரியவந்து, போலீஸ் அவருக்கே அபராதம் போட்டது. 2022-ல் போனார். அடுத்து லிஸ் ட்ரஸ். காசு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பு அறிவித்தார், பவுண்டு மதிப்பு டாலருக்கு எதிராக வரலாறு காணாமல் சரிந்தது, ஐம்பது நாள்கூட முழுசாக ஆளவில்லை. ஒரு பத்திரிகை கேமரா முன்னால் ஒரு லெட்யூஸ் கீரையை வைத்து, இது முதலில் வாடுமா, அவர் முதலில் போவாரா என்று நேரலை ஓட்டியது. கீரை ஜெயித்தது. அடுத்து ரிஷி சூனக். 2024 ஜூலையில் அவரும் தோற்று, கீர் ஸ்டார்மர் 400-க்கும் மேற்பட்ட இடங்களோடு வந்தார். வாக்கு என்னவோ 34 சதவீதம்தான். வாக்களித்தவர்களே ஐந்தில் மூன்று பேர். ஜெயிக்க வைத்ததும் நம்பிக்கையால் இல்லை, முந்தையவர்கள் மேல் வெறுப்பால்.

இதற்கு நடுவில் அன்றாட வாழ்க்கை. 2021-ல் டேங்கர் டிரைவர்கள் பற்றாக்குறையில் பெட்ரோல் பங்குகளில் வரிசை, ராணுவத்தினரை லாரி ஓட்டவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் தக்காளித் தட்டுப்பாடு வந்து சூப்பர் மார்க்கெட்டில் ஆளுக்கு மூன்று தக்காளி என்று அளந்து கொடுத்தார்கள். சுற்றுச்சூழல் அமைச்சர், இந்தப் பருவத்தில் உள்ளூர் டர்னிப் கிழங்கு சாப்பிடலாமே என்றார். அதே ஆண்டில் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தொட்டது. பஸ்ஸில் எழுதியது எந்த மருத்துவமனைக்கோ!

எல்லாவற்றையும் பிரெக்ஸிட் தலையில் கட்டுவதும் அநியாயம். கொரோனா எல்லா ஊரையும் அடித்தது, உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியது, தக்காளிக்கு ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் இருந்த குளிரும் காரணம். ஆனால் அவர்களுடைய சொந்த பட்ஜெட் கணிப்பு அலுவலகமே, ஒன்றியத்தில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்று கணக்குச் சொல்கிறது. வெளியேறியது தப்பு என்போர் பாதிக்கும் மேல் என்று சமீப வருஷக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன.

இனி நம்மாட்கள் கதை. இதைத்தான் தமிழில் அதிகம் யாரும் எழுதிக் காணோம்.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் என்று சிதறினார்கள். அங்கே குடியுரிமை வாங்கியவர்களில் பலர், பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும், சொந்தக்காரர், கோயில், கடைத்தெரு என்று ஒரு தமிழ்ச் சூழலுக்காகவும், ஐரோப்பிய பாஸ்போர்ட்டோடு லண்டன் பக்கம் வந்து குடியேறினார்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று நாம் கேள்விப்படும் இடங்களில் டச்சு பேசும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பது அப்படித்தான். ஒரு அகதிக்கு இரண்டாவது முறையும் பெட்டி கட்டுவது எளிதில்லை, ஆனால் அந்த முறை விசா வரிசை இல்லாமல் வந்தார்கள். பிரெக்ஸிட் அந்தக் கதவைச் சாத்தியது. ஏற்கெனவே வந்தவர்கள் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்துத் தங்கும் உரிமையைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

இதில் ஒரு விசித்திரம். 2016 வாக்கெடுப்பில் பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களும் ஓட்டுப் போடலாம். அதாவது அங்கே படிக்கப் போன இந்திய மாணவனுக்கு ஓட்டு இருந்தது. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தவருக்கும் இருந்தது. ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி லண்டனில் பத்து வருஷமாகக் கடை வைத்திருந்த தமிழருக்கு இல்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓட்டு உண்டு, தம்பிக்குக் கிடையாது, முடிவு பாதிக்கப்போவது தம்பியை என்ற நிலைமை! இந்த விதியை நான் நாலு இடத்தில் தேடிப் பார்த்த பிறகே நம்பினேன்.

நம்ம ஆட்கள் எல்லோரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆசிய வம்சாவளியினரில் சுமார் மூன்றில் ஒருவர் வெளியேறும் பக்கம் என்று வாக்கெடுப்பு நாள் கணிப்பு சொன்னது. காரணமும் இருந்தது. ஐரோப்பியர் தாராளமாக வருவது நின்றால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கூட்டிவர வழி பிறக்கும் என்று ப்ரீத்தி பட்டேல் கறி ஓட்டல்காரர்களிடம் பிரச்சாரம் செய்தார். நம்பி ஆதரித்த பங்களாதேஷி ஓட்டல் முதலாளிகள் பின்னால் ஏமாற்றி விட்டார்கள் என்று புலம்பினார்கள். ஒரே பிரச்சாரம், ஒரு தெருவில் 'வெளிநாட்டார் குறைவார்கள்' என்றது, அடுத்த தெருவில் 'உங்க ஆட்கள் கூடுவார்கள்' என்றது.

இதில் இரண்டாவதுதான் முதலில் நடந்தது. வெளியேறிய பிறகு ஐரோப்பியர் வரத்துக் குறைந்தது. ஆனால் முதியோர் இல்லங்களில் ஆள் இல்லை, பல்கலைக்கழகங்களுக்குக் காசு இல்லை. ஆகவே ஜான்சன் அரசு குழாயைத் திறந்தது. படிப்பு முடிந்து 2 வருஷம் தங்கி வேலை பார்க்கும் விசா 2021 ஜூலையில் வந்தது. (அதே வசதியை 2012-ல் மூடியது, உள்துறை அமைச்சராக இருந்த தெரசா மே.) 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு, அதாவது 'கேர் ஒர்க்கர்' வேலைக்கு, வெளிநாட்டு ஆட்களை எடுக்கலாம் என்றார்கள். 2023 வாக்கில் வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணிக்கை ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. குடியேற்றம் குறையும் என்று ஓட்டுப் போட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். அவனிடம் யாரும், 'முதியோர் இல்லத்தில் உன் அப்பாவைக் கழுவ ஆள் வேண்டும், சம்பளம் கூட்டிக் கொடுக்க நமக்கு மனசு இல்லை, அதனால் வெளியூர் ஆளைக் கூப்பிட்டோம்' என்று நேராகச் சொல்லவில்லை.

சொல்லாமல் என்ன செய்தார்கள்? குழாயைத் திருகினார்கள். 2024 ஜனவரி முதல் மாஸ்டர்ஸ் மாணவர்கள் மனைவி, கணவன், பிள்ளைகளைக் கூட்டிவரத் தடை (ஆராய்ச்சிப் படிப்பு மட்டும் விலக்கு). மார்ச்சில் கேர் ஒர்க்கர்களுக்கும் அதே தடை. பிப்ரவரியில் மாணவர்கள் விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கு 470 பவுண்டிலிருந்து 776 பவுண்டு. ஏப்ரலில் வேலை விசாவுக்குத் தேவையான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 26,200 பவுண்டிலிருந்து 38,700. ஸ்டார்மர் வந்தால் மாறும் என்றார்கள். 2025 ஜூலையில் அது 41,700 ஆனது, வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர் எடுப்பதே 22-ம் தேதியோடு நின்றது.

கேர் ஒர்க்கர்கள் பட்ட பாடு தனி. விசாவே முதலாளியின் ஸ்பான்சர் உரிமத்தில் தொங்குகிறது. காசு வாங்கிக்கொண்டு ஆளை இறக்கிவிட்டு, வேலையே கொடுக்காத கம்பெனிகள் முளைத்தன. அரசு பிடித்து உரிமத்தை ரத்து செய்தது, 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் நடுவே 470-க்கும் மேல். அந்தக் கம்பெனிகளோடு கட்டப்பட்டிருந்த தொழிலாளர்கள் 39,000 பேருக்கும் மேல். தப்பு செய்தது கம்பெனி, தண்டனை யாருக்கு? விசாவை ரத்து செய்து நோட்டீஸ் வந்தால் சுமார் 60 நாளில் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். ஊரில் நகை வங்கியில் இருக்கும்.

இங்கே 'நம்மாளு' பெருமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022 அக்டோபர் 24, தீபாவளி அன்று சூனக் கட்சித் தலைவராகத் தேர்வானார், மறுநாள் பிரதமர். நம்ம டிவிக்களில் ஏதோ இந்தியாவே இங்கிலாந்தைப் பிடித்துவிட்ட மாதிரி ஆட்டம். அவர் அமைச்சரவையில் உள்துறை பார்த்த சுவெல்லா பிராவர்மனின் தாயார் மொரிஷியஸ் தமிழ்க் குடும்பத்துப் பெண். விசா முடிந்தும் தங்கிவிடுவோரில் இந்தியர்தான் அதிகம் என்று அந்த மாதம் பேட்டி கொடுத்தவரும் அவர்தான். மாணவர் குடும்பங்களுக்கான தடையை 2023 மே மாதம் அறிவித்தவரும் அவர்தான். அவர்கள் பிரிட்டிஷ் அரசியல்வாதிகள், தங்கள் வாக்காளரைப் பார்த்து நடக்கிறார்கள், அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. நாம் எதற்குப் பட்டாசு வெடித்தோம் என்பதுதான் கேள்வி. 1977-ல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதல்வராக்கிய தொகுதி அருப்புக்கோட்டை. அந்தப் பெருமை எங்களுக்கு இன்றும் உண்டு. குண்டாறு குண்டாறாகத்தான் இருக்கிறது.

பிரெக்ஸிட்டால் நமக்கு ஒரு நன்மையும் இல்லையா என்றால், உண்டு. ஒன்றியத்தில் இருந்தவரை பிரிட்டன் தனியாக வர்த்தக ஒப்பந்தம் போட முடியாது. வெளியே வந்ததால் இந்தியாவோடு பேசினார்கள். 2022 தீபாவளிக்குள் முடித்துவிடுவோம் என்றார் ஜான்சன். அந்தத் தீபாவளிக்கு அவரே பதவியில் இல்லை. கடைசியில் கையெழுத்தானது 2025 ஜூலை 24-ல், ஸ்டார்மர் காலத்தில். பங்களாதேஷ் துணிக்கு இல்லாத இறக்குமதி வரி இந்தியத் துணிக்கு இருந்துவந்தது, அதை நீக்குவதும் ஒப்பந்தத்தில் உண்டு. நூற்பாலையும் தறியும் உள்ள எங்கள் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. அங்கே போய்க் கேர் ஹோமில் இரவு ஷிப்ட் பார்ப்பதைவிட, இங்கே நெய்த துணி அங்கே போவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வரி குறைந்த லாபம் ஏற்றுமதியாளரைத் தாண்டித் தறிக்காரர் கூலி வரை இறங்குமா என்று கேட்டால், அதையும் எந்த பஸ்ஸிலும் எழுதக் காணோம்.

யூகே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, போய் நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஈழத்தமிழ்க் குடும்பத்து மகள் உமா குமரன் 2024-ல் நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆகியிருக்கிறார். நான் சொல்வது, கன்சல்டன்சிக்காரர் காட்டும் கணக்கில் '2 வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம்' என்று ஒரு வரி இருக்கும், அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள். அது பல்கலைக்கழகம் தரும் உறுதி இல்லை, ஒரு அரசாங்கம் தன் வாக்காளர் கோபத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் குழாய். 2012-ல் மூடி, 2021-ல் திறந்து, இப்போது மறுபடி பாதி மூடியிருக்கிறார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு, பிஎச்.டி. முடித்தவர்கள் தவிர, 2 வருஷம் இல்லை, 18 மாதம்தான் என்று 2025-லேயே விதி மாற்றியாகிவிட்டது. படிப்பு முடியும் தேதியை வைத்துக்கொண்டு பாருங்கள், சேரும் தேதியை வைத்து அல்ல. அந்த 18 மாதத்தில் 41,700 பவுண்டு சம்பளம் தரும் முதலாளி கிடைக்க வேண்டும், புதிதாகப் படிப்பு முடித்தவர்களுக்குச் சற்றுக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றாலும் அதுவும் லேசில் கிடைக்கிற சம்பளம் இல்லை.

லண்டனிலோ லெஸ்டரிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி. ஸ்பான்சர் உரிமம் போன பிறகு அந்த 60 நாளில் நம்ம ஆட்கள் எங்கே போய்க் கேட்டார்கள், யார் உதவினார்கள், ஊருக்குத் திரும்பியவர்கள் கொடுத்த பணத்தில் ஏதாவது திரும்ப வாங்க முடிந்ததா என்று தெரிந்தால் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் 'கேர் விசா இன்னும் ஓப்பன்தான்' என்று சொல்லி முன்பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்ட வேண்டும்.